பாதி காலியான பாட்டில்தான் முதலில் கெடும்: வாசனை எண்ணெய்க் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

மே மாதக் கடைசியில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு சின்ன பாட்டில் இருக்கும். போன வருஷம் ஊட்டிக்குப் போனபோது வாங்கிய நீலகிரித் தைலம், பொண்ணு முகப்பருவுக்காக வாங்கிப் பாதியில் விட்ட டீ ட்ரீ ஆயில், யாரோ பரிசாகக் கொடுத்த லாவெண்டர். "வாசனையே மாறிப்போச்சும்மா, கொஞ்சம் பாரேன்" என்று மேல்வீட்டு அக்கா நீட்டுவார். நான் வீட்டில் சோப்பு காய்ச்சுகிறவள். அலமாரியில் எப்போதும் முப்பது பாட்டிலாவது இருக்கும். சென்னை வெயிலில் அவற்றைக் காப்பாற்றக் கற்றுக்கொள்வதற்குள் நிறையவே கெட்டுப்போயின. இப்போது வருகிற பாட்டில்களைப் பார்த்தால், பத்தில் எட்டுக்குக் காரணம் ஒன்றுதான்: எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்தில் காற்று ஏறி உட்கார்ந்திருக்கும். மற்ற கோளாறுகள் அதற்கு அப்புறம்தான்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பாட்டிலில் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கிறது கடைசியில்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைப் பாருங்கள்

பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். பாதிக்குக் கீழே இருந்தால், திறந்து ஆறு மாதம் தாண்டியிருந்தால், அடுப்புக்குப் பக்கத்திலோ குளியலறையிலோ நின்றிருந்தால், இந்த மூன்றில் இரண்டு சேர்ந்தாலே விடை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அப்புறம் காகிதச் சோதனை. ஒரு வெள்ளைக் காகிதத்தில் சந்தேகப்படும் எண்ணெயில் ஒரு சொட்டு, இரண்டு அங்குலம் தள்ளித் தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு. பக்கத்தில் பேனாவால் பெயர் எழுதி, ஃபேன் காற்று படாத இடத்தில் ஒரு நாள் விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய் சொட்டு, பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி கண்ணாடியாகத் தெரியும். நீலகிரி, டீ ட்ரீ, லாவெண்டர் எல்லாம் ஏறக்குறைய சுவடே இல்லாமல் பறந்துபோயிருக்க வேண்டும். அதுவும் பஜ்ஜிக் காகிதம் மாதிரியே இருந்தால், அதில் சமையல் எண்ணெய் வகை ஏதோ கலந்திருக்கிறது. வெட்டிவேர், சந்தனம், பச்சோலி (ஒரு வாசனை இலையிலிருந்து எடுப்பது) மூன்றையும் இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள். அவை சுத்தமாக இருந்தாலும் நாள் கணக்கில் காகிதத்தில் தங்கும். தோலைப் பிழிந்து எடுத்த ஆரஞ்சு எண்ணெய் மெல்லிய மஞ்சள் வளையம் விடுவதும் இயல்புதான்.

## அறிகுறி: வாசனை மாறிவிட்டது, பெயின்ட் வாடை அடிக்கிறது

### மூடியைத் திறந்ததும் அடித்து, கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறதா?

அப்படியானால் எண்ணெய் கெடவில்லை, பாட்டிலின் வாய்தான் கெட்டிருக்கிறது. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் வாயில் ஒரு சொட்டு தங்கி, காய்ந்து, பிசினாகிவிடும். அந்தப் பிசின்தான் முதலில் மூக்கில் ஏறுகிறது. உள்மூடியை நகத்தால் நெம்பி எடுத்து, சுத்தமான வெள்ளைத் துணியால் வாயையும் மூடியின் உட்புறத்தையும் துடைத்துவிட்டு மறுபடி முகர்ந்து பாருங்கள். மேல்வீட்டு அக்காவின் பாட்டிலுக்கு இது மட்டும்தான் தேவைப்பட்டது. துடைத்த துணியில் தேன் நிறத்தில் ஒரு கோடு படிந்திருந்தது, தொட்டால் பேண்ட்-எய்ட் பசை மாதிரி இழுத்தது. உள்ளே தைலம் நன்றாகவே இருந்தது.

### காகிதத்தில் விட்ட சொட்டிலும் அதே வாடையா?

ஆரஞ்சு, எலுமிச்சை, கிரேப்ஃப்ரூட், டீ ட்ரீ, பைன் என்றால் எண்ணெயே காற்றுப்பட்டுக் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆரஞ்சு எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேல் லிமோனின் என்ற ஒரே பொருள்தான். அது காற்றோடு சேர்ந்தால் வேகமாக மாறும். புது ஆரஞ்சு எண்ணெய் தோலை உரித்த விரல் மாதிரி மணக்கும். கெட்டது பெயின்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. வடிகட்டினாலும் சூடுபடுத்தினாலும் பழையபடி ஆகாது. தோலில் படுகிற எதற்கும் இனி வேண்டாம்.

லாவெண்டர் என்றால் கவனம். அது பெயின்ட் வாடைக்குப் போகாது. பூவின் இனிமை குறைந்து, சப்பென்று, லேசாகப் புளித்த மாதிரி ஆகும். மூக்கை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். திறந்து மூன்று வருஷம் ஆன லாவெண்டரை, மணம் பரவாயில்லை என்று தோன்றினாலும் நான் முகத்துக்குத் தொடமாட்டேன்.

### காறல் வாடை, அதாவது பழைய தேங்காய் எண்ணெயின் சிக்கு வாடையா?

இது வேறு கோளாறு. வாசனை எண்ணெய் காறாது. அதோடு கலந்த பாதாம், சூரியகாந்தி மாதிரி எண்ணெய்தான் காறும். தலைவலிக்கு உருட்டித் தடவும் குப்பிகள் அநேகமாக எல்லாமே இப்படிக் கலந்தவை. பாட்டிலில் நீங்களே கலந்து வைத்திருந்தாலும் அதே கதைதான். கலந்ததன் ஆயுள், அதில் சீக்கிரம் கெடுகிற எண்ணெயின் ஆயுள்தான். கலக்காத எண்ணெய் என்று சொல்லி விற்றதில் இந்த வாடை வந்தால் காகிதச் சோதனை செய்துவிட்டுக் கடைக்காரரிடம் காகிதத்தையே காட்டுங்கள். வாயால் வாதாடுவதைவிட அது நன்றாகப் பேசும்.

### சரிசெய்வது

கெட்டதை மீட்க முடியாது. மீதியைக் காப்பாற்றலாம். நூறு மில்லி பாட்டில் வாங்கினால், திறந்த அன்றே பத்து மில்லி பழுப்புக் கண்ணாடிக் குப்பிகளாகப் பிரித்து, கழுத்து வரைக்கும் நிரப்பி, ஒன்றை மட்டும் புழக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை திறக்கப்படாமல் அப்படியே நிற்கும். குப்பிகள் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். கழுவிய உடனே ஊற்றினால் அடுத்து வரும் கலங்கல் கோளாறுக்கு நீங்களே விதை போடுகிறீர்கள்.

குப்பி வாங்க மனமில்லை, பாட்டிலின் வாயும் அகலம் என்றால் இன்னொரு வழி உண்டு. கண்ணாடிக் கோலிக்குண்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒவ்வொன்றாக உள்ளே விடுங்கள். எண்ணெய் மட்டம் மேலே வரும், காற்றுக்கு இடம் இருக்காது. ஒரு பாட்டில் வெட்டிவேர் எண்ணெயை மூன்று வருஷம் இப்படித்தான் வைத்திருந்தேன்.

## அறிகுறி: வாசனை மங்கிவிட்டது, அளவும் குறைகிற மாதிரி இருக்கிறது

நீலகிரித் தைலத்துக்கு இந்தப் புகார்தான் அதிகம். முதலில் மூக்கைச் சந்தேகப்படுங்கள். ஒரே வாசனையைத் திரும்பத் திரும்ப முகர்ந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். காலையில் காபிக்கு முன்னால், வீட்டில் வேறு ஒருவரை முகரச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்துப் பின்வாங்கினால் தைலத்தில் குறையில்லை.

அடுத்தது மூடி. பாட்டிலில் எண்ணெய் மட்டத்துக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு போட்டு, இரவு முழுக்க ஒரு எவர்சில்வர் தட்டில் டிஷ்யூ விரித்து அதன்மேல் பாட்டிலைப் படுக்கவைத்துப் பாருங்கள். டிஷ்யூ நனைந்தால் மூடி பிடிக்கவில்லை. நனையாமலும் பதினைந்து நாளில் கோட்டுக்குக் கீழே போனால், மூடிக்குள் இருக்கும் வட்ட அட்டை எண்ணெயைக் குடித்துச் சுருங்கியிருக்கிறது, ஆவி அது வழியாகப் போகிறது. இரண்டுக்குமே புது மூடி போதும். குப்பி விற்கிற கடைகளில் மூடி மட்டும் தனியாகக் கேட்டாலே கொடுப்பார்கள். மூடியைத் திருகும்போது கடைசிக் கால் சுற்றையும் முடித்துவிடுங்கள். குழந்தைகளுக்காக அழுத்தித் திருகும் மூடியென்றால், 'கிளிக்' சத்தம் கேட்டதும் பூட்டிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். அநேகமாக அது பாதி வழியில் நின்றிருக்கும்.

மூடியும் சரி, மட்டமும் குறையவில்லை, ஆனாலும் மணம் இல்லையென்றால் வாங்கும்போதே அது தண்ணியான சரக்கு. காகிதச் சோதனை செய்யுங்கள். இன்னொன்றும் செய்யலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து ஐந்து சொட்டு விட்டு, ஸ்பூனால் கலக்கிக் கொஞ்சம் பொறுங்கள். நல்ல தைலம் கண்ணாடி மாதிரி பிரிந்து மேலே வந்து மிதக்கும். தண்ணீர் பால் மாதிரி வெளுத்து அப்படியே நின்றால், அதில் தண்ணீரோடு கரைகிற மாதிரி ஏதோ சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் செய்ய முடிகிற சோதனையின் எல்லை இவ்வளவுதான்.

## அறிகுறி: ரப்பர் இளகிவிட்டது, பிளாஸ்டிக் நெளிந்துவிட்டது

பல்வலிக்கு என்று நாட்டு மருந்துக் கடையில் கிராம்பு எண்ணெய் வாங்கி, அதை மாத்திரை வந்த பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி வைக்கிறவர்கள் நிறையப் பேர். ஒரு மாதம் கழித்து டப்பாவின் அடிப்பக்கம் மெழுகு மாதிரி குழைந்திருக்கும், பீரோ தட்டில் பழுப்பு வட்டம் பதிந்திருக்கும். ஆரஞ்சு எண்ணெய் இதைவிட மோசம். தெர்மாகோலில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கண் முன்னாலேயே குழி விழும். அதனால்தான் பார்சலில் ஒழுகி வந்த ஆரஞ்சு எண்ணெயை நான் சண்டையில்லாமல் வாங்கியதே இல்லை.

சொட்டு போடும் ரப்பர் குமிழோடு விற்கும் பாட்டில்களில்தான் இந்தக் கோளாறு நிரந்தரம். எண்ணெயின் ஆவியே ரப்பரை மெல்ல மெல்ல இளக்கிவிடும். குமிழ் ஒட்டுகிற மாதிரி ஆனதும், கறுப்புத் துகள் எண்ணெயில் விழத் தொடங்கும். பார்த்தவுடன் செய்ய வேண்டியது: குமிழைக் கழற்றி எறிந்துவிட்டு, சாதாரணத் திருகு மூடியைப் போடுங்கள். துகள் விழுந்திருந்தால் காபி வடிகட்டும் காகிதத்தில் ஒருமுறை வடித்து, வேறு குப்பிக்கு மாற்றுங்கள். எண்ணெய் கறுத்து, ரப்பர் வாடையும் ஏறியிருந்தால் மட்டும் கைவிடுங்கள். குமிழ் வேண்டியிருந்தால், பயன்படுத்தும்போது மட்டும் மாட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் கழற்றித் துடைத்துத் தனியாக வைக்கலாம்.

## அறிகுறி: நிறம் மாறிவிட்டது

எல்லா நிறமாற்றமும் கெட்டது அல்ல. பயப்படுவதற்கு முன்னால் எந்த எண்ணெய் என்று பாருங்கள்.

கிராம்பு எண்ணெய் நாளாக ஆகக் கறுக்கும். வாங்கும்போது வைக்கோல் நிறம், இரண்டு வருஷத்தில் டிகாக்‌ஷன் நிறம். மணம் காரமாக இருந்து, எண்ணெயும் இறுகாமல் இருந்தால் புழங்கலாம். விண்டர்கிரீன் தைலம், ஊட்டிக் கடைகளில் கல்தீரியா என்று சொல்லி விற்பது, இரும்பு பட்டால் செந்நிறமாகும். மூடியின் உட்புறத்தில் துரு இருக்கிறதா, தகர டப்பாவில் வாங்கி வந்ததா என்று பாருங்கள். உடனே கண்ணாடிக்கு மாற்றினால் அதோடு நிற்கும். எலுமிச்சைப்புல் எண்ணெய் மஞ்சளிலிருந்து சிவப்பேறிய மஞ்சளாக இருப்பது இயல்பு.

நீல நிறமான சாமந்தி எண்ணெய், அதாவது ஜெர்மன் கெமோமில், பச்சையாக மாறினால் வெளிச்சமும் காற்றும் பட்டிருக்கிறது என்று அர்த்தம். பழுப்பாகிவிட்டால் முடிந்தது. விலை அதிகமான எண்ணெய் என்பதால் இதை நான் ஐந்து மில்லிக்கு மேல் வாங்குவதே இல்லை. தண்ணீர் மாதிரி தெளிவாக வாங்கிய டீ ட்ரீ பளிச்சென்று மஞ்சளாகிப் பிசுபிசுத்தால் அதையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் வாங்கியதை இன்றே பழுப்புக் குப்பிக்கு மாற்றுங்கள். அதுவரை, பாட்டிலைச் சுற்றி ஒரு பழைய சாக்ஸைப் போட்டு வைத்தாலும் உள்ளே வெளிச்சம் போகாது.

## அறிகுறி: கலங்கியிருக்கிறது, அடியில் ஏதோ தங்கியிருக்கிறது

### ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஆரஞ்சோ எலுமிச்சையோ

தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெயில் கொஞ்சம் மெழுகு இருக்கும். குளிரில் அது மேகம் மாதிரி படியும். வெளியே வைத்தால் தெளிந்துவிடும். தெளியாவிட்டாலும் மேலே இருப்பதைச் சாய்த்து எடுத்துக்கொள்ளலாம், ஒன்றும் குறையில்லை.

### தனியாக உருண்டு ஓடும் முத்து முத்தான சொட்டுகள்

அது தண்ணீர். தைலம் காய்ச்சும் இடத்திலேயே கேனில் வாங்கினால் சில நேரம் தண்ணீரும் கூடவே வரும். மற்றபடி காரணம் நாம்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலைச் சென்னைக் காற்றில் உடனே திறந்தால், குளிர்ந்த டம்ளருக்கு வெளியே வேர்க்கிற மாதிரி பாட்டிலுக்கு உள்ளேயும் வேர்த்துவிடும். குளிர்ச்சி போய், பாட்டிலின் வெளிப்புறம் காய்கிற வரைக்கும் மூடியைத் தொடாதீர்கள். எனக்கு அரை மணி நேரம் ஆகும்.

நீலகிரி, லாவெண்டர், ஆரஞ்சு எல்லாம் தண்ணீரைவிட லேசு, அதனால் தண்ணீர் அடியில் இருக்கும். கண்ணாடி டிராப்பரால் மேலே இருப்பதைப் பொறுமையாக உறிஞ்சி வேறு குப்பிக்கு மாற்றுங்கள், கடைசி மூன்று நான்கு சொட்டை ஆசைப்படாமல் விட்டுவிடுங்கள். கிராம்பும் விண்டர்கிரீனும் தண்ணீரைவிடக் கனம், அவற்றில் தண்ணீர் மேலே நிற்கும். முதன்முதலில் இது தெரியாமல், மேலே இருந்ததைக் கவனமாகச் சேமித்து, அடியிலிருந்த நல்ல கிராம்பு எண்ணெயைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். அன்றைக்கு முழுக்க வீடு பல் ஆஸ்பத்திரி மாதிரி மணந்தது.

## அறிகுறி: உறைந்துவிட்டது, ஊசி ஊசியாக நிற்கிறது

சந்தோஷப்படுங்கள். அநேகமாக இது கெட்டதற்கு அடையாளமில்லை, நல்ல சரக்கு என்பதற்கான அடையாளம். புதினா எண்ணெயில் ஊசி மாதிரி நிற்பது மெந்தால், நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு என்று கேட்டு வாங்குகிற அதே பொருள். ஓம எண்ணெயில் நிற்பது ஓம உப்பு. புதினா உப்பு 42 டிகிரியிலும் ஓம உப்பு 50 டிகிரியை ஒட்டியும்தான் உருகும். எண்ணெயில் கரைந்திருக்கும்போது அவ்வளவு சூடு வேண்டாம் என்றாலும், குளிர்ந்த இடத்தில் பிரிந்து நிற்கத்தான் செய்யும். சோம்பு எண்ணெய், அன்னாசிப்பூ எண்ணெய் இரண்டும் மார்கழிக் குளிரிலேயே ஊட்டியில் கட்டியாகிவிடும், சென்னையில் ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டியாகும்.

கை பொறுக்கிற சூட்டில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, மூடிய பாட்டிலைக் கழுத்து வரை நிற்கவைத்துப் பத்து நிமிஷம் விடுங்கள். முழுக்க இளகியதும் இரண்டு கைக்குள் வைத்து உருட்டுங்கள். இதில் ஒரே ஒரு தப்பு மட்டும் செய்யாதீர்கள். ஊசிகளை அடியில் விட்டுவிட்டு மேலே திரவமாக இருப்பதை மட்டும் எடுத்துப் புழங்கினால், மேலே எடுத்தது வீரியம் குறைந்ததாகவும், கடைசியில் மிஞ்சுவது சுட்டெரிக்கிற வீரியத்திலும் இருக்கும். அடுப்பில் நேராகக் காட்டவே கூடாது, மைக்ரோவேவும் கூடாது. ஆரஞ்சு, நீலகிரி எண்ணெய்களின் ஆவி 50 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே தீயைக் கண்டால் பற்றிக்கொள்ளும்.

## அறிகுறி: கெட்டியாகிவிட்டது

வெட்டிவேர் எண்ணெய் என்றால் அப்படித்தான் இருக்கும். கடலூர்ப் பக்கத்து மணலில் விளைகிற வேரிலிருந்து எடுப்பதை வாங்கினேன், பாட்டிலைக் கவிழ்த்தால் முதல் சொட்டு விழுவதற்குள் காபி ஆறிவிடும். சந்தனமும் பச்சோலியும் அதே ஜாதி. இவை மூன்றும் வருஷம் ஏற ஏற மணம் மெருகேறுபவை. ஆரஞ்சு, பைன், டீ ட்ரீ கெட்டியானால் அது பிசினாகிவிட்டது, வெளியே போக வேண்டியதுதான்.

## அறிகுறி: தடவிய இடத்தில் அரிப்பு, சிவப்பு

இத்தனை நாள் ஒத்துக்கொண்ட எண்ணெய் திடீரென்று ஒத்துக்கொள்ளவில்லையென்றால், முதலில் கலப்பு அளவைப் பாருங்கள். தோலில் தடவ, ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு ஐந்தாறு சொட்டுக்கு மேல் நான் போகமாட்டேன். அளவு சரியென்றால் பாட்டிலின் வயதைப் பாருங்கள். டீ ட்ரீ, லாவெண்டர், ஆரஞ்சு வகைகள் காற்றுப்பட்டுப் பழசாகும்போது புதிதாக உண்டாகிற பொருள்கள்தான் ஒவ்வாமையைக் கிளப்புகின்றன. வாசனை எண்ணெயைச் சரியாகச் சேமிக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அடித்துச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். காசு போனால் போகட்டும், ஒருமுறை ஒவ்வாமை ஒட்டிக்கொண்டால் அதே வாசனை உள்ள ஷாம்பூவும் சோப்பும்கூட வாழ்நாளுக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

தடவிய இடத்தில் முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, அப்புறம் சோப்பால் கழுவுங்கள். தண்ணீரை மட்டும் ஊற்றினால் எண்ணெய் பரவத்தான் செய்யும். கண்ணில் பட்டால் மட்டும் நிறையத் தண்ணீரால் பதினைந்து நிமிஷமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

தோல் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்: இரண்டு நாளில் அடங்காத சிவப்பு, கொப்புளம், முகத்திலோ கண் இமையிலோ வீக்கம். பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். மூச்சுத் திணறினால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு.

## அறிகுறி: குழந்தை வாயில் வைத்துவிட்டது

இதற்கு வீட்டில் செய்யும் சோதனை எதுவும் கிடையாது. 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். நீலகிரித் தைலமும் கற்பூரம் சேர்ந்தவையும் சிறு குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும். விண்டர்கிரீன் ஒரு டீஸ்பூனில், இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமமான சரக்கு இருக்கிறது. குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

விண்டர்கிரீன் சேர்ந்த மூட்டுவலித் தைலம் பெரும்பாலும் தாத்தா பாட்டியின் தலைமாட்டில்தான் இருக்கும், பேரப்பிள்ளை தவழும் உயரத்தில். அதை இன்றைக்கே இடம் மாற்றுங்கள்.

## எப்போது ஆய்வகத்துக்கு அனுப்புவது

பத்து மில்லி நீலகிரித் தைலத்துக்கு ஆய்வகம் தேவையில்லை, சோதனைக் கட்டணமே பாட்டில் விலையைத் தாண்டிவிடும். சந்தன எண்ணெய், ரோஜா எண்ணெய் மாதிரி விலை கூடியதைப் பெரிய அளவில் வாங்கி, அது சுத்தமா என்று சந்தேகம் வந்தால் அது வேறு விஷயம். வாயு நிறப்பகுப்புச் சோதனை, ஆய்வகத்தில் 'ஜி.சி. டெஸ்ட்' என்று சொன்னால் புரியும். எண்ணெயில் என்னென்ன எத்தனை சதவீதம் என்று பிரித்துக் காட்டிவிடும். உத்தரப் பிரதேசத்தில் அத்தருக்குப் பேர்போன கன்னோஜில் மத்திய அரசின் நறுமண, சுவை மேம்பாட்டு மையம் 1991 முதல் இருக்கிறது, இந்த வகைச் சோதனைகளைச் செய்து தருகிறார்கள். அதற்கு முன்னால் விற்றவரிடமே அந்தச் சரக்குக்கான சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். பேட்ச் எண் பாட்டிலில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத காகிதத்தை எனக்கும் ஒருமுறை நீட்டினார்கள், அதோடு அங்கே வாங்குவதை நிறுத்திக்கொண்டேன்.

## சரி, எங்கே வைப்பது?

மே மாத மதியம் ஒன்றில் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அலைந்தேன். அடுப்புக்கு மேல் அலமாரியில் 43 டிகிரி, பரணில் 41, ஃப்ரிட்ஜின் தலைமேல் 38, படுக்கையறை பீரோவின் அடித்தட்டில் 33. பத்து டிகிரி கூடினால் கெடுகிற வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்று ஒரு கணக்கு உண்டு. அன்றைக்கே முப்பது பாட்டிலும் பீரோ அடித்தட்டுக்குக் குடிபெயர்ந்தன. பூஜை அலமாரியில் வைக்கிறவர்கள் விளக்கை நினைத்தாவது மாற்றிவிடுங்கள்.

ஆரஞ்சு, எலுமிச்சை, டீ ட்ரீ, பைன் நான்கும் ஃப்ரிட்ஜில். ஆனால் வெறுமனே வைக்காதீர்கள். ஒருநாள் காலை இட்லியைப் பிட்டதும் ஆவியோடு சேர்ந்து டீ ட்ரீ மணந்தது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் தட்டை நகர்த்தி வைத்தார். மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில்தான் குப்பி நின்றிருக்கிறது. அதற்கப்புறம் எல்லாக் குப்பிகளும் இறுக்கமான மூடியுள்ள பெரிய கண்ணாடி ஊறுகாய் ஜாடிக்குள்தான், அந்த ஜாடி காய்கறித் தட்டில்தான். ஜாடியின் மேல் 'சாப்பிடுவதற்கு அல்ல' என்று சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

திறந்த பிறகு எவ்வளவு நாள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு: ஆரஞ்சு வகைகளும் பைனும் டீ ட்ரீயும் ஒரு வருஷம், ஃப்ரிட்ஜில் இருந்தால் இரண்டு. நீலகிரி, லாவெண்டர், எலுமிச்சைப்புல் இரண்டு முதல் மூன்று. புதினா, கிராம்பு மூன்று தாண்டலாம். வெட்டிவேர், சந்தனம், பச்சோலிக்குக் கெடு வைக்க வேண்டாம்.

கெட்டுப்போனதைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பழைய ஆரஞ்சு எண்ணெய், கையுறை போட்டுக்கொண்டு எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் பசையை எடுக்க அருமையாக உதவும். மீதியை ஒரு தகர டப்பாவில் மணலோடு கலந்து, தீ அண்டாத மொட்டைமாடி மூலையில் ஆவியாகிப் போகும்வரை வைத்துவிட்டுக் குப்பைக்குக் கொடுங்கள். எண்ணெய் துடைத்த துணியையும் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயவையுங்கள். பூனை வளர்க்கிறவர்கள் டீ ட்ரீ எண்ணெய் பட்ட எதையும் அது நக்குகிற இடத்தில் வைக்கக் கூடாது, அதற்கு விஷம்.

புதுப் பாட்டில் வாங்கியதும், வேறு எதையும் செய்யாவிட்டாலும், ஒரு துண்டு மருத்துவமனை டேப்பை அடியில் ஒட்டி, திறந்த தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மையை எண்ணெய் அழித்துவிடும், பென்சிலை அழிக்காது.